மாப்பிள்ளை, அந்த இடது பக்க வலியைப் பற்றி

அன்பு மாப்பிள்ளைக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது ஒன்றைக் கவனித்தேன். மேட்ச் முடிந்து வந்த நீ, ஷூவைக் குனிந்து கழற்றவில்லை. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, ஒரு காலால் இன்னொரு காலின் குதியை மிதித்துக் கழற்றினாய். அப்புறம் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, முதுகெலும்பை ஒட்டி இடது பக்கத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டே உள்ளே போனாய். "என்னடா?" என்றதற்கு, "ஒண்ணுமில்ல மாமா, பிடிச்சிருக்கு" என்றாய்.

அந்தக் கட்டைவிரல் நின்ற இடம் எனக்கு நன்றாகத் தெரியும். 17 வயதில் என் விரலும் அதே இடத்தில்தான் நின்றது.

நானும் உன்னைப் போல வலது கை வேகப்பந்து. பள்ளி அணி, ஒரு கிளப், ஞாயிற்றுக்கிழமை தெரு டீம் என்று மூன்று இடத்தில் வீசினேன். வலி வந்ததும் உன் பாட்டி தைலம் தேய்த்து ஒத்தடம் கொடுத்தார். காலையில் குறையும், நாலு ஓவர் போட்டதும் திரும்ப வந்துவிடும். கோச்சிடம் சொன்னேன். "ஃபாஸ்ட் பவுலர்னா வலி இருக்கத்தான் செய்யும், பழகிக்கோ" என்றார். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. அந்தத் தைரியத்தில் இன்னும் இரண்டு மாதம் வீசினேன். கடைசியில் ஒரு நாள் பந்தை விட்டுவிட்டு அப்படியே பிட்ச்சில் உட்கார்ந்தவனை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். கீழ் முதுகெலும்பில் விரிசல். அந்த வருடம் மாவட்டத் தேர்வு நடந்தபோது நான் வீட்டில் படுத்துக் கிடந்தேன்.

அங்கே என்ன நடக்கிறது என்று அன்றைக்கு எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம். உனக்கு நான் சொல்கிறேன். பந்தை விடும் முன் உன் இடது கால் தரையில் அறைகிறதே, அந்த நொடியில் உடல் எடையைப்போலப் பல மடங்கு விசை காலுக்குள் ஏறுகிறது. அதே நொடியில் முதுகு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, முறுக்கவும் செய்கிறது. இவ்வளவையும் வாங்குவது முதுகெலும்பின் பின்பக்கம் இருக்கும் ஒரு மெல்லிய எலும்புப் பாலம். வலது கை பவுலருக்கு இடது பக்கப் பாலத்தில்தான் பெரும்பாலும் அடி விழும். ஒரே இடத்தில் மடக்கி மடக்கிக் கம்பியை ஒடிக்கிறோமே, அதுபோல. ஆனால் எலும்புக்கு உயிர் இருக்கிறது. ஓய்வு கொடுத்தால் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். உன் வயதில் அந்த எலும்பு இன்னும் முழுதாக முற்றவில்லை. அதனால்தான் வளரும் பையன்களுக்கு இது அதிகம் வருகிறது.

சரி, உன் வாரக்கணக்கைப் பார்ப்போம். பள்ளியில் மூன்று நாள், நாளுக்கு 40 பந்து. அகாடமியில் மூன்று நாள், நாளுக்கு 60. ஞாயிற்றுக்கிழமை மேட்ச்சில் 60. மொத்தம் 360 பந்து, அதாவது 60 ஓவர், ஏழு நாளும்! 15 வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளருக்கு ஒரு ஸ்பெல்லுக்கு, அதாவது ஓய்வில்லாமல் வீசும் ஒரு சுற்றுக்கு 6 ஓவர், ஒரு நாளைக்கு 12 ஓவர் என்று இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் விதி வைத்திருந்தது. வாரத்தில் நாலு நாளுக்கு மேல் வீசக் கூடாது, தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் கூடாது என்றும் சொன்னது. உன் பள்ளி சாருக்கு அவர் பார்க்கும் 40 பந்துதான் தெரியும். அகாடமி கோச்சுக்கு அவருடைய 60. யார் மேலும் தப்பில்லை. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டுவது உன் முதுகெலும்பு மட்டும்தான். அதனால் ஒரு நோட்டு வாங்கு. தினமும் எத்தனை பந்து வீசினாய், மறுநாள் காலை முதுகு எப்படி இருந்தது, இந்த இரண்டை மட்டும் எழுது. அதை மூன்று இடத்திலும் காட்டு. காட்டக் கூச்சமாக இருந்தால் நான் வந்து காட்டுகிறேன்.

ஒரு ஆளைப் பற்றிச் சொல்கிறேன். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி 1973-ல் மேற்கிந்தியத் தீவுகள் பயணத்தில் இதே முதுகு விரிசலோடு விழுந்தார். உடம்பில் மாவுக்கட்டுப் போட்டு வாரக்கணக்கில் இருந்தார், பிறகு தசைகளை ஒவ்வொன்றாக வலுவாக்கி, பந்து வீசும் ஆக்‌ஷனையும் திருத்திக்கொண்டு 1974 கடைசியில் இங்கிலாந்துக்கு எதிரான ஆஷஸ் தொடருக்குத் திரும்பினார். 355 டெஸ்ட் விக்கெட் எடுத்தார். 1987-ல் சென்னையில் எம்ஆர்எஃப் பேஸ் ஃபவுண்டேஷன் என்ற வேகப்பந்துப் பயிற்சி மையம் தொடங்கியபோது நம் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவர் அவர்தான். பும்ராவும் 2019-ல் முதுகில் விரிசலோடு உட்கார்ந்தவர். 2023-ல் அறுவை சிகிச்சை வரை போய், அதே ஆண்டில் திரும்பி வந்தார். ஓய்வு எடுத்தால் இடம் போய்விடும் என்று நீ பயப்படுவது எனக்குப் புரிகிறது. எனக்கும் அந்தப் பயம்தான் இருந்தது. வலித்த முதல் வாரத்தில் நிறுத்தியிருந்தால் இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும், எனக்கு எட்டு மாதம் ஆனது.

இன்னொன்று, உன் ஆக்‌ஷன். உன் அப்பா அனுப்பிய வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பின்கால் ஊன்றும்போது இடுப்பு பக்கவாட்டில் நிற்கிறது, தோள் மட்டும் பேட்ஸ்மேனை நேராகப் பார்க்கிறது. அந்த முறுக்குதான் முதுகைப் பதம் பார்க்கும். இதை நீயாக மாற்றப் போகாதே. தெரிந்த கோச் பக்கத்தில் நின்று, மெதுவாக மாற்ற வேண்டிய விஷயம் அது. தார் ரோட்டில் ஓடுவதை விட்டுவிட்டு மண்ணில் ஓடு, ராத்திரி நேரத்தோடு தூங்கு. வலி மாத்திரை போட்டுக்கொண்டு மட்டும் வீசிவிடாதே, கண்ணா. உள்ளே என்ன ஆகிறது என்று சொல்கிற ஒரே குரலை நீயே வாயடைத்துவிடுவாய்.

இன்றைக்கு ஒரே ஒரு தடவை இடது காலில் மட்டும் நின்று, மெதுவாகப் பின்னால் சாய்ந்து பார். அந்த விரல் வைத்த இடத்தில் சுரீர் என்றால் எனக்கு உடனே போன் பண்ணு, திரும்பத் திரும்பச் செய்து பார்க்காதே. வலிக்காவிட்டாலும் டாக்டரிடம் போகத்தான் போகிறோம். எக்ஸ்ரேயில் ஆரம்பக் காயம் தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐ ஸ்கேன் தேவையா என்று அவரிடமே கேட்டுவிடுவோம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் கிளம்புகிறேன், சனிக்கிழமை காலையில் உன் வீட்டில் இருப்பேன். உன் அம்மாவிடம் பேசிவிட்டேன், பயப்படாமல்தான் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை மேட்ச்சுக்கு வர முடியாது என்று கேப்டனிடம் இன்றைக்கே சொல்லிவிடு. நான் வரும்வரை பந்தைக் கையில் எடுக்காதே.

அன்புடன்,
மாமா