பாதித் தட்டு மீ கோரெங்

தம்பிக்கு,

சிங்கப்பூர் பஃபலோ சாலை வீட்டுச் சாவியை இன்று காலை ஒப்படைத்துவிட்டேன். யாரிடம், எவ்வளவுக்கு என்பதெல்லாம் உனக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு இங்கே சொல்லப்போவதில்லை. அத்தை மகள்கள் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள். பிறகு ஏன் ஊரறிய எழுதுகிறாய் என்பாய். நீ தொலைபேசியை எடுத்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

லிஃப்டில் இறங்கியதும் கால் தானாகத் தேக்கா உணவங்காடிக்குள் போய்விட்டது. அதே கடை, உருளைக்கிழங்கு போட்டு வறுத்த நூடுல்ஸ், அதே மீ கோரெங், ஓரத்தில் வெள்ளரிக்காயும் தக்காளி சாஸும். சீனர் மீ, மலாய்ப் பெயர், நம்மவர் வாணலி, ஆனால் இந்தியாவில் கேட்டால் ஒருவருக்கும் தெரியாத இந்தியச் சாப்பாடு என்று அப்பா சிரிப்பாரே. 1915இல் கட்டிய பழைய சந்தை போய் 1982இல் வந்த இந்தக் கட்டடம் அவருக்குக் கடைசிவரை 'புது மார்க்கெட்'தான்.

2023இல் மூன்று மாதம் மூடிப் பழுதுபார்த்துத் திறந்த வாரம் நாம் அங்கே உட்கார்ந்திருந்தோம். ஒரே தட்டு, இரண்டு முள்கரண்டி. ஐந்து வயதிலிருந்து செய்வதுபோல உருளைக்கிழங்குத் துண்டுகளைப் பொறுக்கி என் பக்கம் தள்ளினாய். தள்ளிக்கொண்டே, தலை நிமிராமல், ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து வேலையைச் சொன்னாய். உன் உதட்டோரம் மசாலாச் சிவப்பு. துடைத்துவிடத்தான் கையை நீட்டினேன். அதற்குள் வாய் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டது.

அதை இங்கே எழுத மாட்டேன். மன்னித்துவிடு. ஆனால், வாரம் மூன்று முறை அப்பாவை டயாலிசிஸுக்குச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனது யார்? மன்னிப்புக் கேட்கும்போது 'ஆனால்' போடக்கூடாது என்பார்கள். வருகிறதே, என்ன செய்ய.

நீ எழுந்து போய்விட்டாய். எனக்கு அப்படி விருட்டென்று போகக்கூட வழியில்லை. தட்டை எடுத்து வைக்காவிட்டால் அபராதம் என்று 2021இலேயே விதி வந்துவிட்டது. பாதித் தட்டைத் தூக்கிக்கொண்டு கண்ணீரோடு அலைந்து, ஹலால் தட்டை மற்ற அடுக்கில் வைக்கப் போய், துப்புரவு செய்யும் சீனப் பாட்டியிடம் திட்டும் வாங்கினேன். நீ அதற்குள் ரயிலேறியிருப்பாய். உன் தட்டை எடுத்துவைக்க எப்போதும் யாராவது இருந்திருக்கிறோம்.

உனக்கு உருளைக்கிழங்கு பிடிக்காது என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். போன மாதம் உன் மனைவி ஒரு படம் போட்டிருந்தாள்: பெர்த் சமையலறையில் நீ, வாணலி நிறைய உருளைக்கிழங்கு வறுவல், 'இவருக்கு இது இல்லாமல் சோறு இறங்காது' என்று கீழே ஒரு வரி.

சொல்லியிருக்கலாமே, மடையா. எத்தனை தட்டு, எத்தனை துண்டு. கேட்காமல் கொடுத்துவிட்டுப் போகிறவனிடம் சண்டையாவது எப்படிப் போடுவது?

உன் பங்கு அடுத்த வாரம் வந்துவிடும். வங்கிக் கணக்கு மாறியிருந்தால் எனக்குத் தனியாக எழுது. இங்கே கீழே எழுதித் தொலைக்காதே.

அக்கா