அப்பாவின் பாங்குப் புத்தகம்

தம்பி,

சிறுபோகத்துக்கு இரணைமடுத் தண்ணீர் திறந்தாயிற்று. எங்கள் வாய்க்காலுக்கு இன்னும் வந்து சேரவில்லை. அப்பாவின் அந்தியேட்டிக்குப் பிறகு நீ போன் எடுக்கவேயில்லை. இரவு வேலை, எனக்கு விளங்குகிறது.

நான் சொன்னதைச் செய்தாயா? உன் கணக்கில் மருமகளின் பேரையும் போடு. அப்பா தன் பேரில் மட்டும் வைத்திருந்து நான் பட்ட பாடு போதும். பாரிசவாதத்தில் வலக்கை விழுந்த பிறகுதானே நொத்தாரிசை வீட்டுக்குக் கூப்பிட்டு, அவருக்குப் பதிலாக நான் பாங்கில் காசெடுக்க அற்றோணி எழுதினோம். "தலையாட்டினால் காணாது ஐயா, வாயால் சொல்லுங்கோ" என்றார் அவர். அப்பா கோணின வாயால் "இவளுக்கு" என்றார். பெருவிரல் மையைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தேன். நகக்கண்ணில் நின்றது போகவேயில்லை. ஐந்து மாதம் அந்தக் கடுதாசியைக் காட்டித்தான் மருந்து வாங்கினேன். ஒவ்வொரு ரூபாய்க்கும் கொப்பியில் கணக்கு இருக்கிறது.

செத்தவீட்டை ஊர் மெச்ச நடத்த வைத்தவன் நீதான். ஆனாலும் நீ வந்து பக்கத்தில் நின்றிருந்தால் நான் அதைச் செய்திருக்க மாட்டேன்.

புத்தகத்தில் எவ்வளவு கிடக்கு என்று அன்றைக்குக் கேட்டாய். நான் மாட்டைப் பற்றிக் கதைத்தேன். ஒன்றும் இல்லை, தம்பி. நான் எடுத்துவிட்டேன்.

ஐயாவின் மூச்சு இருக்கும் வரைக்கும்தான் இந்த அற்றோணி என்று நொத்தாரிசு அன்றைக்கே சொன்னவர். தெரிந்துகொண்டுதான் போனேன். ஆம்பிளைகள் சாம்பல் அள்ளக் காடாத்துக்குப் போன நேரம் நான் பாங்கு வாசலில் நின்றேன். காசு எண்ணுகிற பிள்ளை, "ஐயா எப்படி அம்மா?" என்று கேட்டாள். "அப்படியேதான் கிடக்கிறார்" என்றேன். 2,80,000 ரூபாய்.

செலவுக்கல்ல, பயத்தில். 2009இல் சண்டையில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில் ஒரு சவர்க்காரம் வாங்க வழியில்லாமல் உங்கள் இரண்டு பேரோடும் நின்றவள் நான். கணக்கை மூடிவிட்டால் திரும்பவும் அப்படி நிற்பேன் என்று நினைத்துவிட்டேன். தேசவழமைச் சட்டப்படி அப்பா தேடினதில் பாதிதான் எனக்கு, மற்றது உனக்கும் தங்கச்சிக்கும். அதைவிட, எரித்துவிட்டு வந்த மனுசனைக் கிடக்கிறார் என்று சொன்னேனே, அதை நினைத்தால் சோறு இறங்குவதில்லை.

காசு அவருடைய சாரத்துக்குள் சுற்றினபடி கிடக்கிறது, தொடவில்லை. வெள்ளிக்கிழமை தங்கச்சியோடு இறப்புச் சான்றிதழையும் கொண்டுபோய் பாங்கில் நடந்ததைச் சொல்லப் போகிறேன். அதற்கு முதல் ஒருக்கால் எடு. விடிய நாலு மணியென்றாலும் முழித்துத்தான் இருப்பேன்.

மருமகளின் பேரைப் போடு.

அம்மா