இடமிருந்து மூன்றாவது பெண்
அருங்காட்சியக நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு, வணக்கம்.

உங்கள் இணையத் தொகுப்பில் உள்ள அந்த ரப்பர் தோட்டப் படத்தைப் பற்றி மூன்று முறை எழுதிவிட்டேன். விவரம் உங்களிடமே இருக்கிறது. காலைப் பெரட்டில், அதாவது வேலைக்குப் போகுமுன் ஆள் கணக்கெடுக்கும்போது, வரிசையாக நிற்கும் பெண்கள், தலையில் துணிக்கட்டு, கையில் வாளி. இடமிருந்து மூன்றாவதாக நிற்பவர் தன் தாயார் என்கிறார் என் அம்மா.

அம்மாவுக்கு வயது 81. ஏழு வயதில் தாயை இழந்தவர். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் போட்டோ எடுக்க யாரிடம் காசு இருந்தது? தாயின் படம் ஒன்றுகூட அவரிடம் இல்லை. என் மகன் கைப்பேசியில் அந்தப் படத்தைக் காட்டியபோது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "நிக்கிற நிலையப் பார்த்தாலே தெரியுது, எங்கம்மாதான். மூஞ்சியக் கொஞ்சம் பெருசாக்குய்யா" என்றார். பெரிதாக்கினான். முகம் சாம்பல் நிறக் கட்டங்களாக உடைந்தது. போதாததற்கு, உங்கள் நிறுவனத்தின் பெயர் அந்த முகத்தின் குறுக்கே ஓடுகிறது. "வலப்பக்கம் மூக்குத்தி இருக்கும், பாரு" என்றார் அம்மா. மூக்கே தெரியவில்லை.

நேரில் வந்து விண்ணப்பிக்கச் சொன்னீர்கள். சரி என்று விடுப்பு எடுத்து, பஸ் ஏறித் தலைநகருக்கு வந்தேன். தெளிவான படம் ஆய்வாளர்களுக்கு மட்டும்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்படியானால் தெளிவான படம் உங்களிடம் இருக்கிறது. அதை எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

இது முடியாத காரியமா? ரெம்பிராண்ட் 1642-இல் வரைந்த 'இரவுக் காவல்' ஓவியத்தை ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் 8,439 படங்களாக எடுத்து, ஒன்றாகச் சேர்த்து, 717 கிகாபிக்சல் அளவில் 2022-இல் இணையத்தில் வைத்தது. நாலரை மீட்டர் அகல ஓவியம் அது. காய்ந்த வண்ணத்தில் விழுந்த மயிரிழை விரிசல்கூட என் மகனின் கைப்பேசியில் தெரிகிறது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-இல் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை யாரும் இறக்கிக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது. அங்கே இருக்கும் சோழர் காலத்து நடராசரின் காலடியில் கிடக்கும் முயலகனை, இந்தச் சின்ன ஊரில் உட்கார்ந்து விரலால் விரித்துப் பார்க்கிறேன். நீ யார், எதற்கு என்று எவரும் கேட்கவில்லை.

முந்நூற்றெண்பது வருஷத்துக்கு முந்திய ஒரு டச்சுக்காரரின் சட்டைச் சரிகை எனக்குத் தெரிகிறது. என் பாட்டியின் முகம் தெரியவில்லை. ரப்பர் மரத்தில் பால்வெட்டிய தொழிலாளர்களின் உழைப்பை விழா மேடைகளில் புகழ்கிறீர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஆய்வாளராக இருந்தால்தான் அவர்களைப் பார்க்கலாமா? எங்கள் ரப்பர் தோட்டம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டமாகிவிட்டது. லயங்களை இடித்துவிட்டார்கள். கோயில் மட்டும் பெரிய சாலைப் பக்கம் மாறியிருக்கிறது. அங்கே வாழ்ந்தோம் என்பதற்கு எங்களுக்கு மிஞ்சியிருப்பது உங்கள் பெட்டகத்தில் உள்ள படங்கள்தான்.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து தோட்டப் படங்களை முழுத் தெளிவில், முகங்களின் மேல் எழுத்தில்லாமல் ஏற்றுங்கள். உங்கள் பெயரைப் படத்துக்குக் கீழே போடுங்கள். எல்லாவற்றையும் ஏற்ற நாளாகும் என்றால், அந்த ஒரு படத்தையாவது முதலில் ஏற்றுங்கள். அம்மாவுக்கு இடக்கண்ணில் புரை முற்றிவிட்டது. வலக்கண் இன்னும் நன்றாகத் தெரிகிறது.

இப்படிக்கு,
அந்த மூன்றாவது பெண்ணின் பேத்தி