பழைய சதுர மானிட்டரை எடைக்குப் போடாதே

தஞ்சாவூர்,
ஞாயிறு காலை.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்ற வரியைப் படித்த பிறகுதான் மனசு நிலைக்கு வந்தது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடு. தங்கச்சி சொல்லித்தான் நீ செய்வாய் என்று எனக்குத் தெரியும், அவளிடமே சொல்லிவைத்திருக்கிறேன். இங்கே அம்மாவுக்கு 86 முடிந்துவிட்டது. நடை குறைந்துவிட்டது, நினைவு குறையவில்லை. நேற்றுகூட உன்னைப் பற்றிக் கேட்டாள். சின்னவளுக்குக் கும்பகோணத்தில் வேலை, தினமும் பஸ்ஸில் போய்வருகிறாள்.

நீ கேட்டதற்கு வருகிறேன். மூத்தவன் அறையில் சும்மா கிடக்கும் 19 அங்குலச் சதுர மானிட்டரை எடைக்குப் போடுவதா, உன் கம்ப்யூட்டரில் இரண்டாவதாக மாட்ட முடியுமா, அதற்கு இன்னொரு சிபியு வேண்டுமா என்று கேட்டிருந்தாய். எடைக்குப் போடாதே. இன்னொரு சிபியுவும் வேண்டாம். நீ இப்போது விக்கிமூலத்தில், அதாவது ஸ்கேன் செய்த பழைய புத்தகங்களை எழுத்தாக்கி வைக்கும் இணையதளத்தில், மெய்ப்புப் பார்க்க உட்கார்ந்திருக்கிறாய். அந்த வேலைக்கு அது பொன்னான பொருள்.

அச்சகத்தில் நாம் புரூஃப் பார்த்த விதம் நினைவிருக்கிறதா? நீ மூலப்பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு கமா, முற்றுப்புள்ளி உட்பட வாய்விட்டுப் படிப்பாய். நான் காலி புரூஃபில், அதாவது அச்சுக்கோத்ததும் எடுக்கும் நீளத்தாளில், கண்ணை ஓட்டித் திருத்துவேன். மூலம் உன் கையில், பிரதி என் கையில். இரண்டையும் ஒரே ஆள் மாற்றி மாற்றிப் பார்த்தால் கண் தாவும். அடுத்தடுத்த இரண்டு வரிகள் ஒரே சொல்லில் தொடங்கினால் நடுவில் ஒரு வரியே காணாமல் போகும். ஒற்றை மானிட்டரில் நான் இரண்டு வருஷம் அப்படித்தான் வேலை பார்த்தேன். ஸ்கேன் செய்த பக்கத்தைத் திறப்பது, ஒரு வரியை மனசில் பிடித்துக்கொள்வது, அதை மூடிவிட்டு எழுத்துப் பக்கத்துக்கு வருவது. வரும் வழியிலேயே பாதி மறந்துவிடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எழுத்து எறும்பு மாதிரி ஆகிவிடும். இரண்டாவது மானிட்டர் வந்த அன்று, மேஜைக்கு எதிரே நீ வந்து உட்கார்ந்ததுபோல இருந்தது எனக்கு.

அதுவும் நீ எடுத்திருப்பது 1950-களில் அச்சான புத்தகம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சு என்றால் ணை, லை, ளை, னை எல்லாம் தும்பிக்கை வைத்த பழைய வடிவத்தில் இருக்கும். ணா, றா, னா மூன்றும் அப்படியே, பழைய கூட்டெழுத்தாக. ஸ்கேன் படத்தைப் படித்து எழுத்தாக மாற்றும் எழுத்துணரி மென்பொருள் அந்த இடங்களில் தடுமாறும். துணைக்காலை ‘ர’ என்று எடுத்துக்கொண்டு ‘காலம்’ என்பதைக் ‘கரலம்’ ஆக்கும். ‘ஒ’வும் ‘ஓ’வும் இடம் மாறும். இதையெல்லாம் பிடிக்க மூலப் பக்கம் பெரிதாக, அசையாமல், கண்ணெதிரே நிற்க வேண்டும். சதுர மானிட்டர் அதற்கென்றே செய்ததுபோல இருக்கும். அகலத்திரை மானிட்டரில் பக்கத்தை அகலம் நிறையப் பெரிதாக்கினால் பாதிதான் தெரியும். உன்னுடைய 19 அங்குலத் திரை உயரத்தில் 12 அங்குலத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. புது 22 அங்குலத் திரையோ 11 அங்குலம்கூட வராது. ஒரு முழுப் பக்கமும் அச்சுப் புத்தகத்தைவிடப் பெரிதாகவே உன் சதுரத் திரையில் நிற்கும்.

மாட்டுவதற்கு முன் சிபியுவின் பின்பக்கத்தில் மானிட்டர் கேபிள் செருகும் இடங்களைப் பார். நீலநிறத்தில் 15 ஓட்டையோடு, இரண்டு பக்கமும் திருகுமரை வைத்திருப்பது விஜிஏ. தட்டையாகச் சின்னதாக, கீழ் மூலைகள் இரண்டும் சரிந்திருப்பது எச்டிஎம்ஐ. ஒரு மூலை மட்டும் வெட்டியிருந்தால் அது டிஸ்ப்ளேபோர்ட். உன் கம்ப்யூட்டர் வாங்கிய காலத்தை வைத்துப் பார்த்தால் விஜிஏ, எச்டிஎம்ஐ இரண்டும் இருக்க வேண்டும். அப்படியானால் கவலையே இல்லை. புதியதை எச்டிஎம்ஐயில், பழையதை விஜிஏயில் மாட்டினால் முடிந்தது.

நான் பட்டது வேறு. என்னுடையதில் திரைக்குப் படம் அனுப்பத் தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு உண்டு. அதில் எச்டிஎம்ஐயும் டிஸ்ப்ளேபோர்ட்டும்தான், விஜிஏ இல்லை. பழைய மானிட்டரை மதர்போர்டில், அதாவது கம்ப்யூட்டரின் முதன்மைப் பலகையில், இருந்த விஜிஏயில் செருகினேன். ‘நோ சிக்னல்’ என்றே வந்தது. மானிட்டர்தான் செத்துவிட்டது என்று துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்து சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே பளிச்சென்று எரிந்தது. கார்டு மாட்டிய பல கம்ப்யூட்டர்களில் மதர்போர்டின் படவெளியீடு தானாக அணைந்துவிடும் என்று அந்தப் பையன்தான் சொன்னான். கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகள் உள்ள பயாஸில் போய்த் திறக்கலாம், ஆனால் ப்ராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருந்தால்தான். இன்டெலில் எண்ணின் கடைசியில் ‘எஃப்’ போட்ட ப்ராசஸர்களில் அது கிடையாது. கார்டு இருந்தால் இரண்டு மானிட்டரையும் கார்டிலேயே மாட்டுவதுதான் சரி.

பிறகு ஒரு கடையில் ஒரு முனை எச்டிஎம்ஐ, மறுமுனை விஜிஏ என்று வெறும் கேபிள் ஒன்றைக் கொடுத்தார்கள். அதிலும் படம் வரவில்லை. காரணம் தெரிந்தபோது கோபம் போய் ஆச்சரியம்தான் வந்தது. விஜிஏ 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்தது. குழாய் மானிட்டர் காலத்து ஏற்பாடு, மின்னழுத்தம் ஏறி இறங்குவதுதான் அதில் படம். எச்டிஎம்ஐ 2002-இல் வந்தது, அதில் படம் எண்களாக ஓடுகிறது. ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாது, நடுவில் மொழிபெயர்க்க ஒரு சில்லு வேண்டும். சில்லு வைத்த கன்வெர்ட்டர் வாங்கினேன், உடனே படம் வந்தது. அதுவும் ஒரு திசையில்தான் மாற்றும். உனக்கு வாங்க வேண்டி வந்தால் ‘சிபியுவில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் விஜிஏ’ என்று திசையைச் சொல்லிக் கேள்.

மாட்டியதும் இரண்டு திரையிலும் ஒரே படம் தெரியலாம். பயப்படாதே. விண்டோஸ் பொத்தானோடு ‘பி’யை அழுத்தி ‘எக்ஸ்டெண்ட்’ என்பதைத் தேர்ந்தெடு. பிறகு டெஸ்க்டாப்பில் வலது கிளிக் செய்து ‘டிஸ்ப்ளே செட்டிங்ஸ்’ போ. 1, 2 என்று இரண்டு பெட்டி தெரியும். ‘ஐடென்டிஃபை’யை அழுத்தினால் எது எந்த மானிட்டர் என்று அந்தந்தத் திரையிலேயே எண் தோன்றும். மேஜையில் பழையது இடப்பக்கம் இருந்தால் பெட்டியையும் இழுத்து இடப்பக்கம் வை. இதைச் செய்யாமல் விட்டால் மவுசை இடப்பக்கம் தள்ளத் தள்ள அம்பு சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். பழைய திரையில் மேலிருந்து கீழாக 1024 புள்ளி, புதியதில் 1080. மிச்சமுள்ள அந்த 56 புள்ளி உயரத்தில் அம்பு தாண்டாது. அது பழுதில்லை. பெட்டிகளின் கீழ்விளிம்பை ஒன்றாக வைத்துவிட்டால் தடங்கல் மேலே ஒதுங்கிவிடும், வேலைக்கு இடைஞ்சல் வராது.

பழையதன் அளவு 1280-க்கு 1024 என்று இருக்கிறதா என்று கட்டாயம் பார். வேறு எதில் இருந்தாலும் எழுத்து மங்கும், அப்புறம் ஆபரேஷன் மேல் சந்தேகப்படுவாய். விஜிஏயில் படம் ஒரு பக்கம் நகர்ந்து தெரிந்தால் மானிட்டரில் ‘ஆட்டோ’ பொத்தானை ஒருமுறை அழுத்து, தானே சரியாகிவிடும். ஒரு ஜன்னலை மற்றத் திரைக்கு அனுப்ப விண்டோஸ், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு இடது அல்லது வலது அம்பைத் தட்டு. இந்த ஒரு வித்தை பழகிவிட்டால் மவுசால் இழுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

கழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தட்டச்சு செய்யும் திரை மூக்குக்கு நேரே இருக்கட்டும். மூலப் பக்கம் உள்ள திரை அதை ஒட்டி, உன் பக்கம் கொஞ்சம் திரும்பி, ஒரு கை நீளத் தூரத்தில் நிற்கட்டும். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது உனக்குப் பொருந்தாது. டாக்டர் இரட்டைக் கண்ணாடி எழுதிக்கொடுத்திருப்பதாகச் சொன்னாய். கீழ்க்கண்ணாடி வழியாகத் திரையைப் பார்க்க முகவாயைத் தூக்குவாய், நாலு நாளில் பிடரி பிடித்துக்கொள்ளும். உனக்கு மட்டும் இரண்டையும் தாழ்த்தி வை. வெளிச்சத்தையும் குறை. பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பார், திரையின் வெள்ளை தாளைப் போலத் தெரிந்தால் போதும்.

யுபிஎஸ்ஸில் இரண்டு மானிட்டரையும் மாட்டினால் கரண்ட் போகும்போது தாங்கும் நேரம் குறையும். அந்தப் பழையது புதியதைவிட அதிகம் இழுக்கும். சேமிக்காமல் நெடுநேரம் எழுதிக்கொண்டே போகாதே.

சிபியுவின் பின்பக்கத்தை செல்போனில் ஒரு படம் எடுத்து அனுப்பு. எது எங்கே போக வேண்டும் என்று குறித்துத் தருகிறேன். டாக்டர் சரி என்று சொல்லும்வரை எதையும் தூக்காதே, மானிட்டரை மூத்தவன் ஊருக்கு வரும்போது அவனே எடுத்து வைக்கட்டும். வேலை தொடங்கியதும் முதல் பத்துப் பக்கத்தைச் சரிபார்த்து, விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்த்ததற்கு அடையாளமான மஞ்சள் நிறமாக்கிவிட்டுப் பக்க எண்களை எனக்கு எழுது. பச்சை என்றால் இரண்டாம் முறையும் சரிபார்த்தாயிற்று என்று பொருள்; ஒருவர் மஞ்சளாக்கியதை அவரே பச்சையாக்க முடியாது, இன்னொருவர் பார்த்தாக வேண்டும். பச்சைக்கு நான் இருக்கிறேன்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

என்றும் உன்,
பழைய அச்சகத் தோழன்