கென்யா கல்விப் பயணம்: சொன்னது ஒன்று, நடந்தது ஒன்று

பெறுநர்
மேலாளர்,
மாணவர் கல்விச் சுற்றுலாப் பிரிவு

பொருள்: கென்யா வனவிலங்குப் பாதுகாப்புக் கல்விப் பயணத்தைச் சொன்னபடி நடத்தாதது, பணத்தைத் திருப்பிக் கேட்பது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். எங்கள் கல்லூரியின் விலங்கியல் முதுகலை மாணவர்களோடு உங்கள் பயணத்தில் வந்த ஆசிரியை நான். ஊர் திரும்பியதும் போனில் குறையைச் சொன்னேன். "அதான் சிங்கம் பார்த்துட்டீங்களே மேடம், அப்புறம் என்ன?" என்றார் உங்கள் ஊழியர். அதனால் எழுதிக் கொடுக்கிறேன்.

சிங்கம் பார்த்தோம், மறுக்கவில்லை. விமானம், தங்குமிடம் எதிலும் குறையில்லை. சைவம் சாப்பிடும் பிள்ளைகளுக்கு வேளாவேளைக்குப் பருப்பும் சப்பாத்தியும் கிடைத்தன, அதற்கு நன்றி. ஆனால் தலைக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் கட்டியது இதற்காக இல்லை. சில பெற்றோர் நகையை அடகு வைத்துக் கட்டியிருக்கிறார்கள். உங்கள் பயணத் திட்டத்தில் போட்டிருந்த பாதுகாப்புப் பணிகளைப் பிள்ளைகள் நேரில் பார்க்கட்டும் என்றுதான் கட்டினார்கள்.

முதலாவது, லைக்கிப்பியாவில் உள்ள ஓல் பெஜட்டா வனவிலங்குக் காப்பகம். வடக்கு வெள்ளைக் காண்டாமிருகத்தின் கடைசி ஆண் சூடான், 2018 மார்ச்சில் இறந்தது அங்கேதான். மிஞ்சியிருப்பவை நாஜின், ஃபாட்டு என்ற தாயும் மகளும். இரண்டாலும் கருவைச் சுமக்க முடியாது. ஃபாட்டுவின் கருமுட்டையை எடுத்து, உறைய வைத்த விந்தோடு ஆய்வகத்தில் சேர்த்து, தெற்கு வெள்ளைக் காண்டாமிருகத்தை வாடகைத் தாயாக்க முயல்கிறார்கள். இதைப் பற்றிக் கேட்க என் மாணவர்கள் ஒரு நோட்டு நிறையக் கேள்வி எழுதி வைத்திருந்தார்கள். கடைசி நேரத்தில் "ரோடு சரியில்லை" என்று வண்டியை நக்குரு ஏரிப் பூங்காவுக்குத் திருப்பினீர்கள். கேட்டால், "காண்டாமிருகம்தானே, இங்கேயும் இருக்கு" என்கிறார் வழிகாட்டி. நக்குருவில் நாங்கள் பார்த்த வெள்ளைக் காண்டாமிருகம் தெற்கு வகை. கல்விப் பயணம் நடத்துகிறவர்களுக்கு இந்த வித்தியாசமாவது தெரிய வேண்டாமா?

இரண்டாவது, சாவோ கிழக்குப் பூங்காவை ஒட்டிய சகல்லா பகுதியின் தேனீ வேலி. வயலைச் சுற்றிக் கம்பி கட்டி, பத்து மீட்டருக்கு ஒன்றாகத் தேன்கூடுகளைத் தொங்க விடுகிறார்கள். யானை கம்பியைத் தள்ளினால் கூடுகள் ஆடும், தேனீக்கள் கிளம்பும், யானை திரும்பிவிடும். விவசாயிக்குத் தேனும் மிச்சம். வால்பாறையில் யானை வருவதை எஸ்எம்எஸ்ஸில் எச்சரிக்கும் முறையைப் பற்றிப் படிக்கும் மாணவர்களுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று முன்பணம் கட்டும்போதே சொன்னேன். தலையை ஆட்டினீர்கள். கென்யா போனதும், சகல்லாவுக்குப் பக்கத்து ஊரான வோய்க்கு ரயில் டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொல்லி, அந்த நாள் முழுக்க நைரோபியில் பொம்மைக் கடை சுற்ற வைத்தீர்கள்.

மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில் நடந்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. குட்டிகளோடு ஒரு சிவிங்கிப்புலி மானைக் குறிவைத்துப் பதுங்கிக்கொண்டிருந்தது. ஒரு விலங்கருகே ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கக் கூடாது, 25 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. ஏற்கெனவே நிறைய வண்டிகள் நின்றன. உங்கள் வழிகாட்டி பாதையை விட்டுப் புல்லுக்குள் வண்டியை இறக்கச் சொன்னார். மான் ஓடியது, சிவிங்கிப்புலி எழுந்து போய்விட்டது. சிங்கத்துக்கும் கழுதைப்புலிக்கும் பயந்து பெரும்பாலும் பகலில் வேட்டையாடும் விலங்கு அது. அந்த வேளை இரையை நாம்தான் கெடுத்தோம். "விதியை மீறலாமா?" என்று கேட்ட மாணவியிடம், "நல்ல போட்டோ வேணும்ல?" என்றார் அவர்.

உருப்படியாக ஏதாவது கற்றோம் என்றால், அது எங்கள் ஓட்டுநர் புண்ணியம். அவர் அந்தப் பகுதியில் மாடு மேய்த்து வாழும் மசாய் இனத்துக்காரர். மாராவை ஒட்டிய நிலங்களை மசாய்க் குடும்பங்கள் காப்பகங்களுக்குக் குத்தகைக்கு விடுவது, மாடு மேய்க்க அங்கே உள்ள கட்டுப்பாடு, சிங்கம் புகாமல் பட்டிக்குக் கம்பிவலை அடிப்பது என்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பொறுமையாகச் சொன்னார். காப்பக நிர்வாகிகளோடு சந்திப்பு என்று உங்கள் திட்டத்தில் இருந்தது என்னவோ, தலைக்குத் தனிக்கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டிய நடனமாக முடிந்தது.

இவ்வளவுக்கும் மேல், "60 மணி நேரப் பாதுகாப்புக் களப்பயிற்சி முடித்தார்" என்று ஆளுக்கொரு சான்றிதழ் அனுப்பியிருக்கிறீர்கள். நடக்காத பயிற்சிக்குச் சான்றிதழ் வாங்கி நாளைக்கு நேர்முகத் தேர்வில் மாட்டிக்கொள்ளப் போவது என் மாணவர்கள். ஒன்றையும் நான் கொடுக்கவில்லை. எல்லாம் திரும்ப அனுப்பப்படுகின்றன.

ஓல் பெஜட்டா, சகல்லா இரண்டுக்கும் வாங்கிய தொகையையும் நடனத்துக்கு வாங்கிய கட்டணத்தையும் 15 நாட்களுக்குள் மாணவர்களின் கணக்கில் திருப்பிச் செலுத்துங்கள். மாராவில் விதியை மீறிய வழிகாட்டி மீது என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று எழுத்தில் தெரிவியுங்கள். தவறினால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவோம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஆகவே நைரோபி அலுவலகத்தைக் கேளுங்கள் என்று மறுபடியும் கைகாட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
பயணத்தின் பொறுப்பாசிரியை

இணைப்பு: பயணத் திட்டத்தின் நகல், ரசீதுகள், மாராவில் மாணவர்கள் எடுத்த வீடியோ, சான்றிதழ்கள்.