மீன் விடியுமுன் செத்தால், பதினொரு மணிக்கு என்ன ஆய்வது?

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்கான 'கதைவழிப் புலனாய்வு' கையேடு கிடைத்தது. ஏரியில் மீன்கள் செத்து மிதக்கின்றன. ஏன் என்று மாணவர்களே துப்புத் துலக்க வேண்டும். நல்ல கதை. 2016 மார்ச்சில் பெங்களூரு அல்சூர் ஏரியில் நடந்ததுதானே. ஆனால் நீரைச் சோதித்து அறிக்கை எழுத நீங்கள் ஒதுக்கியது ஒரே பாடவேளை, அதுவும் முற்பகலில். எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: விடியற்காலையில் ஒரு மணி நேரம் மாணவர்களை ஏரிக்கரைக்கு அழைத்துப்போக எழுத்துமூலம் அனுமதி தாருங்கள்.

காரணம் உங்களுக்குத் தெரியாததல்ல. பாசி மண்டிய ஏரியில் பகலில் ஆக்சிஜன் பெருகும். இரவில் பாசியும் சேர்ந்து அதைச் சுவாசித்துத் தீர்க்கும். சூரியன் எழுமுன்தான் அளவு அடிமட்டத்துக்கு இறங்கும். 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நீரில் கரைந்து நிற்கும் ஆக்சிஜனின் இயல்பான அளவே லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம். வெயில் ஏறிய பின் எடுத்த மாதிரி அதையும் தாண்டக்கூடும். 'ஏரி நலம்' என்று எழுதிவிட்டுப் பிள்ளைகள் செத்த மீனை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மாதிரி எடுப்பதும் அவசர வேலையல்ல. ஆக்சிஜன் சோதனைக்கான 300 மி.லி. பி.ஓ.டி. பாட்டிலை நீருக்குள் வைத்தே நிரப்பி, குமிழி இல்லாமல் மூட வேண்டும். ஒரு குமிழி போதும், ஆக்சிஜன் அளவு கூடிவிடும். கரையிலேயே மாங்கனஸ் சல்பேட் 2 மி.லி., கார அயோடைடு-அசைடு கரைசல் 2 மி.லி., இரண்டையும் ஆசிரியர் விட வேண்டும். அப்போது அடியில் படியும் வீழ்படிவு பழுப்பானால் ஆக்சிஜன் உண்டு, வெள்ளையாகவே நின்றால் இல்லை. கதையின் முடிச்சில் பாதி அங்கேயே அவிழும். இதைச் செய்யாமல் பாட்டிலை வகுப்புக்குத் தூக்கி வந்தால், உள்ளே இருக்கும் உயிர்கள் வழியிலேயே கணக்கை மாற்றிவிடும். வீழ்படிவைக் கரைக்கும் அடர் கந்தக அமிலத்தை ஆய்வகத்தில் சேர்க்கலாம். கரைக்குச் சுமக்க வேண்டாம். பிறகு 200 மி.லி. எடுத்து 0.025 நார்மல் செறிவுள்ள தயோசல்பேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் தரம்பார்த்தால், செலவாகும் ஒவ்வொரு மி.லி.யும் லிட்டருக்கு 1 மி.கி. ஆக்சிஜனைக் குறிக்கும். முடிவை நிறத்தால் காட்டும் ஸ்டார்ச்சை, கரைசல் இளமஞ்சளான பிறகே விட வேண்டும்.

செத்தவை கட்லாவும் ரோகுவுமா? காற்றை நேரே விழுங்கும் விராலும் தேளியும் பிழைத்தனவா? பிழைத்திருந்தால் நஞ்சைவிட மூச்சுத்திணறலையே முதலில் சந்தேகிக்க வேண்டும். மீன்பிடிப்பவரிடம் கேட்டால் இது தெரிந்துவிடும். கையேட்டிலோ மூன்றாம் பக்கத்திலேயே 'காரணம்: ஆலைக்கழிவு' என்று அச்சாகியிருக்கிறது! குற்றவாளியை முன்பே சொல்லிவிட்டு எதைத் துலக்குவது?

சுற்றுச்சூழலைப் பாடமாக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 1991இல். இன்றும் உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 வந்தால் ஓவியப் போட்டி, முழக்கம், சென்ற ஆண்டுக் குழியிலேயே புது மரக்கன்று. மீன்களும் பள்ளி மணி அடித்த பிறகு சாகப் பழகிக்கொண்டால் எல்லாருக்கும் வசதி.

மன்னியுங்கள், கோரிக்கைக்கு வருகிறோம். பெற்றோர் ஒப்புதலையும், கரையில் நிற்க இரண்டு ஆசிரியர்களையும் நாங்களே ஏற்பாடு செய்துகொள்கிறோம். அந்த விடியற்கால ஒரு மணி நேரத்துக்கான ஆணையையும், பள்ளிக்கு நான்கு பாட்டில்களையும் தயவுசெய்து தாருங்கள். அடுத்த பதிப்பில் மூன்றாம் பக்கத்தை நீக்கிவிடவும் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர்கள் சிலர்