கட்டிப் பெருங்காயம்

டோட்முண்ட், ஜேர்மனி

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் அனுப்பிய பொதி சென்ற கிழமை பழுதின்றி வந்து சேர்ந்தது. பிரித்தவுடன் எழுந்த பெருங்காய மணத்தில், திருக்கோணமலையில் நம் குசினியில் அம்மம்மா அதை நல்லெண்ணெயில் பொரித்து, மோரில் கரைத்துத் தந்த நாட்கள் நினைவுக்கு வந்தன.

இங்கே பனிக்காலத்தில் வெளியே நடக்க முடியாமல், பாணும் பாற்கட்டியும் உண்டுவிட்டு அறைக்குள்ளேயே இருப்பதால், வயிறு அடிக்கடி ஊதிக்கொள்கிறது. அப்போதெல்லாம் அந்த மோர்தான் எனக்குத் துணை. ஜேர்மானியர் பெருங்காயத்தைப் 'பிசாசின் அழுக்கு' என்று பொருள்படும் சொல்லால் அழைப்பதைக் கேட்டபோது மனம் நொந்தது. ஆனால் என்னுடன் வேலை செய்யும் ஈரானியப் பெண்ணோ அதைத் தன் ஊர்ச் சொத்தாகவே பேசுகிறாள். ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் வறண்ட மலைச் சரிவுகளில் நாலைந்து ஆண்டுகள் வளர்ந்த செடியின் வேரைக் கீறி, வடியும் பால் காய்ந்து இறுகிய பின் சுரண்டி எடுப்பதே பெருங்காயம் என்பதை அவளிடம்தான் அறிந்தேன். இங்குள்ள கடைத்தூளில் பெரும்பாலும் மாவும் கருவேலம் பிசினும் கலந்திருக்கின்றன. கோதுமை மா ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைக் கவனிக்க வேண்டும்.

மேல்மாடியில் இருக்கும் கிரேக்க மூதாட்டி, வயிறு மந்தமானால் மஸ்திகா என்னும் பிசினை மெல்லுகிறார். கியோஸ் தீவின் தென்பகுதியில் மரப்பட்டையைக் கீறி, அடியில் பரப்பிய வெள்ளை மண்ணின்மேல் துளித்துளியாக விழவிட்டுச் சேர்க்கிறார்களாம். அதை வளர்க்கும் அறிவை 2014இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. எனக்கும் ஒரு துளி தந்தார். முதலில் கைத்தாலும், பின்னர் பைன் மரத்தின் வாசனை வாயில் நின்றது.

அம்மா, இக்கடிதத்தை நான் எழுதுவதற்கு முக்கிய காரணம் தங்கச்சியின் பிள்ளைதான். வயிற்று வலியில் அழுகிறதென்று பெருங்காயம் கரைத்துப் பருக்க நினைப்பதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வாய்க்குள் கொடுக்க வேண்டாம். அவ்வாறு கொடுத்த ஒரு கைக்குழந்தையின் குருதியில், ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குறைந்ததென 1984இல் மருத்துவ இதழொன்றில் பதிவாகியுள்ளது. அம்மம்மாகூட எங்களுக்குச் சிறுவயதில் அதை வெந்நீரில் குழைத்துத் தொப்புளைச் சுற்றிப் பூசியதாகத்தானே சொல்வீர்கள்? அழுகை தொடர்ந்தால் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். தங்கச்சிக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.

அடுத்த பொதியில் தூள் வேண்டாம், கட்டியாகவே அனுப்புங்கள்.

உங்கள் அன்பு மகள்